நாற்பத்தோரு தப்படி

தண்ணீர் புதன்கிழமை காலையில் ஏறியது. தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தெருவின் இருபது வீடுகளும் குளித்து, கழுவி, கழித்து அனுப்பியது அது. லைன்காரர் வீட்டுக் குளியலறைத் துவாரத்தில் முதலில் ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். பிறகு கறுப்பாக, நுரையோடு, ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி, படியைத் தாண்டி, நடுவறைக்குள் வந்து தையல் மிஷினின் மிதிபலகையைத் தொட்டது.

லைன்காரர் என்று நாங்கள் கூப்பிடுவது சாக்கடைக் குழாயில் அடைப்பு எடுக்கிறவரை. இருபத்தெட்டு வருஷமாக எங்கள் தெருவுக்கு அவர்தான். யார் வீட்டில் எதை நீரில் விட்டாலும் கடைசியில் அது அவர் கைக்குத்தான் வரும். கல்யாண மோதிரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கூடவே பல விஷயங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறார். அவர் மனைவிதான் அக்கா. மிதிபலகைத் தையல் மிஷின் வைத்துத் துணிப்பை, தலையணை உறை, திரைச்சீலை தைப்பவள். பிள்ளை இல்லை. எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு முந்தினது. நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே டம்ளர் விழுந்தால் இங்கே என் அம்மா “மெதுவாடி” என்பாள்.

தெரு இரண்டாகக் கிடந்தது. மேட்டில் பதினாலு வீடு. பிறகு ஒரு சரிவு. பள்ளத்தில் எங்கள் ஆறு வீடு. கடைசி வீடு லைன்காரருடையது. அதையும் தாண்டி சரக்குக் கொட்டடியின் மதிலோரமாகத் தெரு கொஞ்சம் நீண்டு பஸ் ரோட்டில் போய்ச் சேரும். மேட்டின் விளிம்பில், சரிவு தொடங்கும் இடத்தில், செயலாளர் வீடு. தெரு முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். யார் என்ன சொன்னாலும் “ஒரு சின்னத் திருத்தம்” என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் பள்ளத்தில் அவருக்குத் திருத்தம் என்றே பேர்.

நான் அந்தச் சங்கத்தில் நோட்டு எழுதினவள். என் அப்பா கொட்டடியில் மூட்டை தூக்கினவர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்த ஆறு வீட்டிலும் முதல் டிகிரி என்னுடையது. வேலை கிடைக்கவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று திருத்தம் என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். கூட்டம் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் நடக்கும். மேட்டுக்காரர்களுக்கு நாற்காலி. பள்ளத்துக்காரர்களுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு. முன்வரிசை நாற்காலியில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிக்கப் போவதில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குச் சாம்பலும் சிவப்புமாக சிமெண்டுக் கல் பதிக்க நகராட்சியில் அனுமதி வாங்கியாயிற்று. தெருவில் சாக்கடைக்கு நாலு இரும்பு மூடிகள். எல்லாம் துருப்பிடித்தவை.

“பல்லு போன வாய் மாதிரி இருக்கு அந்த மூடியெல்லாம்,” என்றார் திருத்தம். “கல்லு ஒரே சீரா ஓடணும். மூடியை உள்ள விட்டுட்டு மேல கல்லைப் பதிச்சிடலாம்.”

பின் பெஞ்சிலிருந்து லைன்காரர் எழுந்தார். கூட்டத்துக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். “சார், மூடி உள்ள போயிட்டா, அடைப்பு வந்தா எங்கன்னு தேடுறது? நகராட்சி ஆபீஸ்லயே பழைய வரைபடம் இல்லையே.”

“உனக்குத் தெரியாத மூடியாப்பா?”

“எனக்குத் தெரியும் சார். நம்ம அறிவிப்புப் பலகைத் தூண்லேர்ந்து கீழாக்க நாப்பத்தோரு தப்படி. மதில்லேர்ந்து ரெண்டு. அது கடைசி மூடி. என் கண்ணைக் கட்டி விட்டாக்கூட...”

“அப்புறம் என்ன! நடமாடுற வரைபடமே நம்ம கையில இருக்கு.”

கொட்டகை சிரித்தது. லைன்காரரும் சிரித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் மேட்டுக்காரர்கள் அவரைப் பார்த்து மூக்கைப் பிடிக்காமல் சிரித்தது அன்றைக்குத்தான். முகம் மலர்ந்து உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது எல்லோருக்கும் முந்தித் தூக்கினார். தனக்குத் தெரிந்த தப்பான காரியத்துக்கு, தன்னைப் புகழ்ந்தார்கள் என்பதற்காகக் கை தூக்கினார். அவரை மட்டும் சொல்லி என்ன? அவர் சொன்ன அளவை நோட்டில் எழுதப் பேனாவை வைத்தேன். திருத்தம் என் பக்கம் குனிந்தார்.

“ஒரு சின்னத் திருத்தம்மா. பின்வரிசைப் பேச்சையெல்லாம் நோட்டுல ஏத்த வேண்டாம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. அவ்வளவு போடு.”

அவ்வளவுதான் போட்டேன்.

கல் பதித்தவர்கள் வேலை முடிந்ததும் மிச்ச சிமெண்டுக் கலவையை எங்கேயோ ஓர் இடுக்கு வழியாகக் கழுவிவிட்டுப் போனார்கள். அது போய்க் கடைசிக் குழியில் இறுகியது. அதுதான் புதன்கிழமை லைன்காரர் வீட்டில் ஏறிய தண்ணீரின் கதை. துவாரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: “கடைசி மூடியிலதான். அஞ்சாறு கல்லைப் பேர்த்தா போதும். பத்து நிமிஷ வேலை.”

அப்போதே கடப்பாரையை எடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அனுமதி கேட்கப் போனார். நானும் கூடப் போனேன்.

திருத்தம் வாசல் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார்.

“ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. நகராட்சித் தலைவர் வர்றார். இன்னிக்குப் போய் கல்லைப் பேர்க்கணும்கிற?”

“அஞ்சு கல்லு சார். எடுத்துட்டு நானே திருப்பிப் பதிச்சிடுறேன். யாருக்கும் தெரியாது.”

“ஒரு சின்னத் திருத்தம். தெரியும். ஒரு தடவை பேர்த்த கல்லு பேர்த்த கல்லுதான். நாலு நாளு பொறுத்துக்கோப்பா. வீட்டைப் பெருக்கித் தள்ளிக்கிட்டே இரு.”

“சார், அதுல நடக்கக் கூடாது,” என்றேன். “அக்காவுக்குச் சுகர். வலது கால்ல ஏற்கெனவே புண் இருக்கு.”

“செருப்பு போட்டுக்கச் சொல்லும்மா. படிச்ச பொண்ணு நீ, இதெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டாமா?” பிறகு குரலைத் தாழ்த்தி லைன்காரரிடம் சொன்னார். “உனக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். விழாவுல சொல்லலாம்னு இருந்தேன். சங்கத்துக்குப் பராமரிப்பாளர்னு ஒருத்தரைப் போடப் போறோம். உன்னைத்தான் மேடையில அறிவிக்கிறோம். இனிமே நீ குழியில இறங்க வேண்டியதில்ல. நீ வேலையை மேற்பார்வை பாக்கிறவன். அந்த நேரத்துல போய் நீயே சங்கத்துக் கல்லை உடைச்சேன்னு பேர் எடுக்காத.”

திரும்பி வரும்போது சரிவில் அவர் கால் தரையில் பாவவில்லை. “மாசச் சம்பளமா இருக்கும்ல பாப்பா?” என்றார். “அடையாள அட்டை குடுப்பாங்கல்ல?” அவருக்கு ஐம்பத்தொன்று. தோள்பட்டை கழன்று கழன்று ஏறுகிறது. போன மழையில் ஒரு குழிக்குள் மயங்கி விழுந்து, இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். இனிமேல் இறங்க வேண்டியதில்லை என்ற வார்த்தைக்காக அவர் என்னவும் பொறுப்பார். திருத்தத்துக்கு அது தெரியும்.

அக்கா மிஷினை நாலு செங்கல் மேல் ஏற்றியிருந்தாள். மிஷின் ஏறிவிட்டது. மிதிக்கிற கால் ஏற முடியுமா? வலது காலுக்குப் புண்ணின் மேல் துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பையை இழுத்து, ரப்பர் வளையம் போட்டிருந்தாள். தைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? விழாவுக்குச் சங்கம் கொடுத்திருந்த இருநூறு துணிப்பைகள். ‘நமது தெரு, நமது பெருமை’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்தது. வெட்டிய துணியைக் கட்டிலில் அடுக்கியிருந்தாள். அந்த அறையில் ஈரமில்லாத இடம் கட்டில் ஒன்றுதான்.

“என்ன சொன்னான் திருத்தம்?” என்றாள், தலை தூக்காமல்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்றாரு,” என்றார் அவர்.

“அவன் வீட்டுக்குள்ள வந்தா பொறுப்பானா?”

“எனக்கு வேலை போட்டுத் தர்றாங்க. பராமரிப்பாளர். மேடையில சொல்லப் போறாங்க.”

மிஷின் நின்றது. “யோவ், உன் தலையில எவ்வளவு மிளகாய் அரைச்சாலும் உனக்கு எரியவே எரியாதா?”

“ஏய், நல்லது நடக்கிற நேரத்துல வாயை வெக்காத.”

“சரி, ஒண்ணு சொல்லு. நம்ம ஓட்டையை அடைச்சா என்ன ஆகும்? சாக்கையும் சிமெண்டையும் வெச்சு?”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு துவாரத்துப் பக்கம் நகர்ந்தார்.

“உன்னைத்தான்யா. இருபத்தெட்டு வருஷ அனுபவம். சொல்லு.”

“அடுத்த வீட்டுல ஏறும். இந்த டிகிரி வீட்டுல.”

“அதையும் அடைச்சா? பள்ளத்து ஆறு வீட்டையும் அடைச்சா?”

“மேல ஏறும்.”

“யார் வீட்டுல?”

“திருத்தம் வீட்டுல,” என்றார் மெதுவாக. “சமையக்கட்டு முற்றத்துல.”

அக்கா என்னைப் பார்த்தாள். அதுவரை எனக்குத் தோன்றாத கணக்கு அது. லைன்காரர் வீட்டுத் துவாரம் திறந்திருப்பதால்தான் மேட்டுக்காரர்கள் வீடு காய்ந்திருக்கிறது. அது அவருக்குக் காலையிலேயே தெரியும். தெரிந்துதான் திறந்து வைத்திருக்கிறார்.

“அப்ப என் வீட்டை அவன் வீட்டுக்குக் குழியா வெட்டி வெச்சிருக்க,” என்றாள் அக்கா.

“நாலு நாளுடி.”

“அந்த நாலு நாளும் நீ வந்து மிதிய்யா.” மறுபடி மிஷின் ஓடியது. பிளாஸ்டிக் பை மிதிபலகையில் படும்போதெல்லாம் சதக் சதக் என்றது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தச் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம். வெயில் வேறு. கொட்டடித் தகரக் கூரை டங்கென்று வெடிக்கும் அளவுக்கு வெயில். வெயிலில் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் புளித்தது. ஒரு விரல் உயரம் இரண்டு விரலானது. லைன்காரர் காலையில் வாளியால் அள்ளி வெளியே கொட்டுவார். மதியம் அதே அளவு நிற்கும். அம்மா எங்கள் வீட்டில் சமைத்துப் பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா கட்டிலில் கால்மடக்கி உட்கார்ந்து, முட்டையைப் பிட்டுச் சோற்றில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிச் சாப்பிட்டாள்.

“வாந்தி வரலையா?” என்றாள் அம்மா.

“இவரைக் கட்டிக்கிட்ட முதல் வாரத்துலயே அதெல்லாம் எடுத்து முடிச்சிட்டேன்,” என்றாள் அக்கா. அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலைத் தேய்த்தாள். பையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை காட்டுறேன், ரிப்பன் வெட்டிட்டு,” என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வந்து தங்கச் சொன்னோம். மிஷினைத் தூக்கி வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. மிஷின் இல்லாமல் அவள் வரமாட்டாள். இருநூறு பை சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ‘பள்ளத்துக்காரங்க சொன்ன வேலையைச் செய்ய மாட்டாங்க’ என்று கொட்டகையில் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு எங்கள் ஆறு வீடும் பயப்படும். காலம் காலமாக எங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பைகளைக் கட்டி நானும் லைன்காரரும் எடுத்துப்போனோம். திருத்தம் ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

“தையல் நல்லா இருக்கு. ஒரு சின்னத் திருத்தம். கொஞ்சம் வாடை அடிக்குது. மொட்டை மாடியில விரிச்சு, சென்ட் தெளிச்சு வெச்சுடுங்க.”

லைன்காரர் திருத்தம் வீட்டு மாடியில் இருநூறு பையையும் விரித்து வைத்து சென்ட் அடித்தார். பின்படி வழியாகத்தான் ஏறினார்.

அந்த நேரத்தில் திருத்தம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். மேடையில் படிக்கிற பாராட்டுரை. நான்தான் இரண்டு நாளைக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது. ‘இவரைச் சங்கத்தின் பராமரிப்பாளராக நியமிப்பதில் பெருமை கொள்கிறோம்.’ அந்த வரியில் அவர் கையால் ஒரு சொல்லை இடைச்செருகியிருந்தார். சிவப்பு மையில், ஒரு சின்னத் திருத்தம்.

‘கௌரவப் பராமரிப்பாளராக.’

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருஷம் கல்லூரியில் படித்தது அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளவாவது உதவியது. சம்பளம் கிடையாது, அட்டை கிடையாது, வேலை மட்டும் உண்டு. அங்கேயே மாடிக்கு ஓடிப்போய் லைன்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கோபத்தில் கடப்பாரையை எடுத்திருப்பார். ராத்திரிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அவர் மாடியிலிருந்து இறங்கிவந்து, கையில் சென்ட் வாசனையோடு, “எல்லாம் எழுதியாச்சா பாப்பா?” என்று கேட்டார்.

“ஆச்சுண்ணே,” என்றேன்.

கோழைத்தனம். அதற்கு வேறு பேர் கிடையாது. முன்வரிசை நாற்காலி போய்விடுமோ என்ற பயம். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா மேட்டில், அலங்கார வளைவுக்குப் பக்கத்தில் நடந்தது. நகராட்சித் தலைவர் வளைவிலிருந்து செயலாளர் வீடுவரை நடந்தார். சரிவுக்கு முன்னால் ரிப்பன். அதற்கு இந்தப்பக்கம் அவர் பார்க்கவில்லை. ரிப்பனை வெட்டிவிட்டு மேடைக்குத் திரும்பிவிட்டார். ஒவ்வொருவர் கையிலும் அக்கா தைத்த பை. லைன்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கை அகலத்தில் கனமான கண்ணாடிப் பலகை. ‘கௌரவப் பராமரிப்பாளர்’ என்று தங்க எழுத்து. கை தட்டினார்கள். அவர் கும்பிட்டார். நகராட்சித் தலைவர் கை கொடுக்க நீட்டியபோது தன் கையைச் சட்டையில் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

இறங்கி நேரே என்னிடம் வந்தார். “பாப்பா, இந்த கௌரவம்னு போட்டிருக்காங்களே, சம்பளம் எந்த மாசத்துலேர்ந்து?”

“கௌரவம்னா சம்பளம் இல்லண்ணே.”

கண்ணாடிப் பலகையைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்கும். சட்டை நுனியால் அதைத் துடைத்தார். ஒரு தூசியும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நேத்தே தெரியுமா உனக்கு?” என்றார்.

நான் கையிலிருந்த துணிப்பையை மடித்தேன். அவர் திருத்தத்திடம் போனார். “சார், விழா முடிஞ்சிடுச்சு. கல்லை எடுத்துடவா?”

“மாதிரித் தெருப் போட்டிக்குக் குழு வருதுப்பா வியாழக்கிழமை. இத்தனை நாளு பொறுத்த, இன்னும் நாலு நாளு. இப்ப நீ வேற ஆளு இல்ல, நம்ம பராமரிப்பாளர். நீயே அவசரப்படலாமா?”

வீட்டில் அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. பிளாஸ்டிக் பையை நான்தான் வெட்டி எடுத்தேன். சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு விரல் கறுத்திருந்தது. கறுப்பு பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்றம் அறையில் இருந்ததா காலில் இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்.

“குடு பாப்போம்,” என்றாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்ல கனம். எங்க வெப்ப? தரையெல்லாம் பீத்தண்ணி. சுவரெல்லாம் ஓதம்.” பல் நடுங்கியது. நடுக்கத்திலும் பேச்சு நிற்கவில்லை. “அந்த ஓட்டை மேல வெச்சு அடைச்சிட்டு வாய்யா. அளவு சரியா இருக்கும்.”

அவர் அழுதார். அழுதுகொண்டே வெளியே போய் அரை மூட்டை சிமெண்டோடு வந்தார். சாக்கைச் சுருட்டித் துவாரத்துக்குள் காலால் இடித்து இறக்கினார். அதன் மேல் சிமெண்டைக் கொட்டினார். அதன் மேல் கண்ணாடிப் பலகையை எழுத்து தெரிய வைத்து அழுத்தினார். அளவு சரியாகத்தான் இருந்தது.

“உங்க வீட்டையும் அடைக்கணும்,” என்று வாசலில் வந்து நின்றார்.

“அடைச்சிக்கோ,” என்றாள் அம்மா. ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவே மற்ற நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்த ஆட்டோ வருவதற்குள் ஆறு வீட்டுத் துவாரங்களையும் அடைத்தார். அடுத்து வந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் சரக்குக் கொட்டடிப் பொதுக் கழிப்பிடத்துக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். பள்ளத்தில் ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் என்றால் அது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை கணுக்காலுக்கு மேலே நாலு விரல்கடை வைத்து எடுத்துவிட்டார்கள். வலது கால். மிதிக்கிற கால். டாக்டர் வயசில் சின்னவர். “இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?” என்று என்னைத்தான் திட்டினார். படித்தவள் மாதிரித் தெரிந்திருப்பேன்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் கேட்டது, “மிஷினைத் தொடைச்சீங்களா? துரு ஏறிடும்.” பிறகு போர்வையின் தட்டையான இடத்தைப் பார்த்தாள். “திருத்தம்னா இது திருத்தம்,” என்றாள். லைன்காரர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் புதன்கிழமை மேடேறியது. திருத்தம் வீட்டுச் சமையல்கட்டு முற்றத்தில் ஏப்பம் கேட்டதாம். மதியத்துக்குள் கூடம். பக்கத்து இரண்டு வீட்டுக் குளியலறைகள். குழு வருவது வியாழக்கிழமை. அன்று காலை ஏழு மணிக்கே அவர் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்துவிட்டார். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டியிருந்தார். அதைக் கீழே இழுத்துவிடக்கூட மறந்திருந்தார்.

“கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்மா,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உடனே லைன்காரர் பக்கம் திரும்பினார். “உடனே கிளம்புப்பா. எல்லா வீட்டுலயும் ஏறிடுச்சு. மனுஷன் இருக்க முடியல. மூடி எங்கன்னு காட்டிட்டு உடனே வந்துடு, நானே கொண்டாந்து விடுறேன்.”

“செருப்பு போட்டுக்கங்க சார்,” என்றேன்.

திருத்தம் காதில் விழாத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார். லைன்காரர் அக்காவைப் பார்த்தார்.

“போய்யா,” என்றாள் அக்கா. “கூப்பிடுறாங்கல்ல. கௌரவமா போய் நடந்துட்டு வா.”

அவரோடு நானும் காரில் போனேன். லைன்காரரைப் பின் சீட்டில் நியூஸ் பேப்பர் விரித்துத்தான் உட்கார வைத்தார்கள். அந்த அவசரத்திலும் திருத்தம் அதை மறக்கவில்லை.

அறிவிப்புப் பலகைத் தூணருகே மேட்டுக்காரர்கள் நின்றார்கள். மூக்கில் துணி. கடப்பாரையோடு இரண்டு கூலியாட்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெண்மணி, “ரெண்டு நாளா சமைக்க முடியலம்மா,” என்றாள். நான் தலையாட்டினேன்.

லைன்காரர் தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். செருப்பைக் கழற்றிவைத்தார். வெறுங்காலில்தான் அவருக்கு அளவு சரியாக வரும். நடந்தார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

கூலியாட்கள் பின்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் திருத்தம். பிறகு எல்லோரும். புதுக்கல் வெயிலில் பளபளவென்றிருந்தது. எங்கள் வாசலில் அம்மா வாளியோடு நின்றாள். “இருபத்தெட்டு. இருபத்தொன்பது.” தன் வீட்டைத் தாண்டினார். பூட்டியிருந்த கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டடி மதிலோரம் போனார். “முப்பத்தொன்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு.”

இதோ நிற்கப்போகிறார் என்று நானும் நின்றுவிட்டேன்.

“நாப்பத்திரெண்டு,” என்றார் லைன்காரர். “நாப்பத்திமூணு.”

அதே குரல், அதே தப்படி. ஐம்பதைத் தாண்டினார். எழுபதைத் தாண்டினார். “இன்னும் எவ்வளவுப்பா?” என்று திருத்தம் கத்தினார். அவர் எண்ணிக்கொண்டே போனார். கல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவர் நிற்கவில்லை. பஸ் ரோட்டைக் கடந்தார். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. வெறுங்காலோடு ஏறினார். உள்ளேயும் எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

திருத்தம் மூச்சுவாங்க என்னிடம் திரும்பி வந்தார். “அன்னிக்குக் கூட்டத்துல ஏதோ அளவு சொன்னானேம்மா. தூண்லேர்ந்து இத்தனைன்னு. நோட்டு உங்கிட்டதானே இருக்கு? எடு, எடு, சீக்கிரம்.”

நோட்டு என் பையில்தான் இருந்தது. அக்கா தைத்த பை. எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, விரல் வைத்து, வரி வரியாகத் தேடினார். மேலிருந்து கீழே ஒரு தடவை. மறுபடி மேலிருந்து கீழே.

“இல்லையேம்மா. ஏகமனதா நிறைவேறிச்சுன்னு மட்டும்தானே இருக்கு?”

நான் சரியாக அந்த நாற்பத்தோராவது தப்படிக் கல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“பின்வரிசைப் பேச்சை ஏத்த வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க சார்.”